கொதித்து நின்ற காருக்கு என்ன செய்வது: வழிகளும் அவற்றின் விலையும்

கொல்லிமலைக்குக் காரவள்ளியிலிருந்து ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். எட்டு, பத்து வருஷம் ஓடிய சிறிய பெட்ரோல் கார் ஒன்று, கத்திரி வெயிலில் ஐந்து பேரையும் அவர்கள் மூட்டை முடிச்சையும் சுமந்துகொண்டு, ஏசியும் ஓட, முதல் கியரிலும் இரண்டாவதிலுமாக அதில் ஏறுகிறது. எஞ்சின் தன் முழு பலத்தையும் கொடுக்கிறது. வண்டியின் வேகமோ மணிக்கு 20 கிலோமீட்டர்தான். எதிர்க்காற்று ரேடியேட்டருக்குப் போதாது, ஃபேன் ஒன்றே கதி. நாமக்கல்லுக்கும் சேலத்துக்கும் இடையே ஓடியபோது மாதக்கணக்கில் வெளியே தெரியாமல் இருந்த குறை எதுவானாலும் இங்கே தலைகாட்டிவிடும். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 வளைவுகளிலும் இதே கதைதான்.

இப்படிக் கொதித்து நின்ற வண்டியின் சொந்தக்காரர் அடுத்த சில நாட்களில் நாலைந்து முடிவுகள் எடுக்க வேண்டியிருக்கும். ஓட்டியே கொண்டு போவதா, தூக்கிப் போகச் சொல்வதா? தெர்மோஸ்டாட்டை, அதாவது சூட்டைப் பார்த்து ரேடியேட்டருக்குத் தண்ணீரைத் திறந்துவிடும் வால்வை, கழற்றிவிடலாம் என்கிறார் மெக்கானிக், சரியா? ரேடியேட்டருக்கென்று மருந்து கலந்து விற்கும் கூலன்ட் வேண்டுமா, குழாய்த் தண்ணீர் போதாதா? ரேடியேட்டரை ஒட்டுவதா, மாற்றுவதா? ஹெட்டை, அதாவது சிலிண்டர்களை மேலிருந்து மூடும் பாகத்தை, பிரிக்க வேண்டும் என்றால் இந்த வண்டிக்கு அந்தச் செலவு தகுமா? ஒவ்வொரு கேள்விக்கும் மலிவான பதில் ஒன்று பட்டறையிலேயே கிடைக்கும். சில மலிவான பதில்கள் உண்மையிலேயே நல்ல பதில்கள். சில, எஞ்சினைக் காவு வாங்கிவிடும். இரண்டையும் பிரித்துக் காட்டத்தான் இதை எழுதுகிறேன்.

அதற்கு முன் ஒன்று. காரின் குளிரூட்டும் அமைப்பு ஒரு மூடிய சுற்று. நல்ல நிலையில் இருக்கும் வண்டியில், மாதங்கள் கடந்தாலும் ரிசர்வ் பாட்டிலின் மட்டம் பெரிதாக இறங்காது. "வாரத்துக்கு ஒரு பாட்டில் ஊத்திக்குங்க சார், ஓடிடும்" என்று யாராவது சொன்னால், தண்ணீர் எங்கோ போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். எங்கே போகிறது என்று தெரியும்வரை எந்தப் பாகத்துக்கும் காசு கொடுக்காதீர்கள். கீழே வரும் ஒப்பீடுகள் எல்லாமே அந்த ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்ட பிறகுதான் பயன்படும்.

ஓட்டிச் சேர்ப்பதா, நின்றுவிடுவதா

வெப்பநிலை மீட்டரின் ஊசி சிவப்பைத் தொடுகிறது, அல்லது சிவப்பு விளக்கு எரிகிறது. "இன்னும் ரெண்டு கிலோமீட்டர்ல ஊர் வந்துடும்" என்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது. அந்த இரண்டு கிலோமீட்டரில்தான் ஹெட் வளைகிறது. இன்றைய கார்களில் சிலிண்டர் ஹெட் அலுமினியம். சூட்டில் அது வார்ப்பிரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும்; போல்ட்டுகள் அதை இறுக்கிப் பிடித்திருப்பதால் விரிய இடமில்லாமல் வளைந்துவிடும். பல சிறிய எஞ்சின்களில் ஹெட்டின் அடிப்பரப்புக்கு அனுமதிக்கப்படும் வளைவு 0.05 மில்லிமீட்டர்தான். தலைமுடியின் தடிமன்கூட அநேகமாக அதைவிட அதிகம்.

ஆகவே ஏசியை அணையுங்கள். ஹீட்டரை முழுச் சூட்டிலும் அதன் காற்றை முழு வேகத்திலும் வையுங்கள். ஹீட்டர் என்பது டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் இன்னொரு சிறிய ரேடியேட்டர்; உள்ளே உட்கார முடியாதபடி வெக்கை அடித்தாலும் எஞ்சினின் சூட்டில் ஒரு பங்கை அது வெளியே எடுத்துவிடும். பாதுகாப்பான ஓரம் வந்ததும் நிறுத்துங்கள். ஆவி எதுவும் வரவில்லை, ஃபேன் ஓடுகிறது என்றால் ஓரிரு நிமிடம் ஐட்லிங்கில் விடலாம். தண்ணீர் சுற்றிக்கொண்டிருந்தால் சூடு சீராக இறங்கும். ஆவி வந்தாலோ, தண்ணீர் ஒழுகியிருந்தாலோ உடனே அணைத்துவிட வேண்டும்.

ரேடியேட்டர் மூடியை அப்போது தொடவே கூடாது. விசில் அடங்காத குக்கரைத் திறப்பதற்குச் சமம் அது. மூடி 0.9 பார் அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பதால்தான் உள்ளே இருக்கும் தண்ணீர் கிட்டத்தட்ட 119 டிகிரி வரை கொதிக்காமல் இருக்கிறது. திறந்த நொடியில் அழுத்தம் போய், 110 டிகிரியில் இருக்கும் தண்ணீர் ஆவியாகப் பொங்கி முகத்திலும் கையிலும் அடிக்கும். ஈரத்துணி போட்டுத் திறப்பதும் காப்பாற்றாது. முக்கால் மணி நேரமாவது காத்திருங்கள்; மேல் ஹோஸைப் பிடித்தால் கை பொறுக்க வேண்டும், அமுக்கினால் நெகிழ வேண்டும். அதன் பிறகும் ஓடைத் தண்ணீரைக் குடம் குடமாக ஊற்றாதீர்கள். எஞ்சினை ஓடவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினால் உலோகம் விரிசல் விடாது.

மலையில் நின்றவர்களுக்கு மட்டும் தோன்றும் ஒரு யோசனை உண்டு: "இறக்கம்தானே, எஞ்சினை அணைத்து நியூட்ரலில் விட்டுவிடலாம்." தயவுசெய்து வேண்டாம். எஞ்சின் ஓடாவிட்டால் இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பிரேக் பூஸ்டரில் வேக்யூம் தீர்ந்து பெடல் கல்லாகிவிடும், ஸ்டியரிங்கும் கனக்கும். சாவியைத் திருப்பி எடுத்துவிட்டால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளவும் கூடும். ஹெட்டைக் காப்பாற்ற உயிரைப் பணயம் வைக்கும் வேலை இது.

விட்டுவிட்டு ஓட்டுவது, அதாவது ஆற வைத்துத் தண்ணீர் ஊற்றிக் கொஞ்ச தூரம் போய் மறுபடி நிற்பது, ஒரே ஒரு நிலைமைக்குத்தான் பொருந்தும்: கசிவு எங்கே என்று கண்ணால் பார்த்துவிட்டீர்கள், அது சொட்டுச் சொட்டாகத்தான் இருக்கிறது, ஊசி நடுவைத் தாண்டவில்லை. அப்போதும் ஊசியை முழுக்க நம்பக் கூடாது. தண்ணீர் வற்றி சென்சார் ஆவியில் நின்றால், எஞ்சின் எரிந்துகொண்டிருக்கும்போதே ஊசி கீழே இறங்கிக் காட்டும். பல சிறிய கார்களில் ஊசியே கிடையாது, சிவப்பு விளக்கு மட்டும்தான். அது எரியும்போது பெரும்பாலும் தாமதமாகியிருக்கும். அப்படிப்பட்ட காருக்கு, ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் செருகும் புளூடூத் கருவி ஒன்று வாங்கி வைப்பது நல்ல முதலீடு. போனிலேயே கூலன்ட் வெப்பநிலை தெரியும். 90-ஐ ஒட்டி இருந்தால் கவலையில்லை; 105-ஐத் தாண்டினால் ஏசியை அணைக்க வேண்டும்; 115 என்றால் ஓரங்கட்ட வேண்டும்.

மற்ற எல்லா நிலைமைக்கும் தூக்கிப் போகும் வண்டிதான் என் பதில். மலையிலிருந்து இறக்கச் சில ஆயிரம் கேட்பார்கள், உண்மைதான். ஹெட்டைப் பிரித்து மாட்டும் செலவோடு வைத்துப் பார்த்தால் அது சிறிய தொகை. இன்னொன்றும் நினைவிருக்கட்டும்: சாதாரண வாகன இன்ஷூரன்ஸ் இயந்திரக் கோளாறுக்குப் பணம் தராது. ரோடு சைடு அசிஸ்டன்ஸ் சேர்த்திருந்தால் தூக்கிப் போகும் செலவை அது ஏற்கும். வெந்துபோன எஞ்சினை யாரும் ஏற்க மாட்டார்கள்.

தண்ணீர் போன இடம்

பட்டறைக்குப் போவதற்கு முன்பே பாதியைக் கண்டுபிடித்துவிடலாம். நெரிசலில் நின்றால் சூடாகி, நெடுஞ்சாலையில் ஓடினால் ஆறிவிடுகிறது என்றால் சந்தேகம் ஃபேன் மேல். ஏசியைப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலான கார்களில் ஃபேன் உடனே சுற்ற வேண்டும். சுற்றவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே, மோட்டார் என்று வரிசையாகப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு ரிலே போனதற்கு ரேடியேட்டரையே மாற்றிய வண்டிகள் உண்டு. மாறாக, 80, 90 கிலோமீட்டர் வேகத்தில்தான் சூடாகிறது என்றால் தண்ணீர் போதுமான அளவு சுற்றவில்லை: ரேடியேட்டர் அடைப்பு, வாட்டர் பம்ப், திறக்காத தெர்மோஸ்டாட்.

கசிவு தேடும்போது ஹோஸ் கிளிப்புகளின் ஓரத்தில் காய்ந்த வெள்ளைப் படிவத்தையோ பச்சை, சிவப்புக் கறையையோ பாருங்கள். வாட்டர் பம்பின் அடியில் ஒரு சிறு துளை இருக்கும். உள்ளே சீல் போனால் அதன் வழியாகச் சொட்டும். முன்சீட்டுக் கால்மிதி ஈரமாக இருந்து இனிப்பு வாடை அடித்தால் ஹீட்டர் கசிகிறது. வெளியே ஒரு சொட்டும் இல்லை, ஆனாலும் மட்டம் இறங்குகிறது என்றால் அது எஞ்சினுக்குள் போகிறது. அந்த விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ரேடியேட்டர் மூடியைச் சந்தேகியுங்கள். அதன் ரப்பர் இறுகி வெடித்திருந்தால் அழுத்தம் நிற்காது. கடல் மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், 2,000 மீட்டருக்கு மேல் இருக்கும் கொடைக்கானலிலும் ஊட்டியிலும் 93-ஐ ஒட்டியே கொதித்துவிடும். எஞ்சினின் சாதாரண வெப்பநிலையே கிட்டத்தட்ட அதுதான். சில நூறு ரூபாய் மூடி ஒன்று கெட்டதால் மேலே போனதும் வண்டி கொதிக்கிறது. வாங்கும்போது பழைய மூடியில் அச்சடித்த எண்ணையே கேட்டு வாங்குங்கள். 0.9 இருந்த இடத்தில் 1.3 போட்டால் பலம் கூடாது, பழைய ஹோஸ்தான் வெடிக்கும்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றுவதா, மாற்றுவதா

நம் ஊர்ப் பட்டறைகளில் இது பழக்கமாகிவிட்ட வைத்தியம். "நம்ம வெயிலுக்கு இது எதுக்கு சார், கழட்டி விட்டுட்டா வண்டி கூலா ஓடும்." நல்ல மனசோடு, வாடிக்கையாளருக்குக் காசு மிச்சமாகட்டும் என்றுதான் பலரும் சொல்கிறார்கள். அம்பாசடர் காலத்தில் அது ஓரளவு செல்லுபடியானது. கம்ப்யூட்டர் பெட்ரோலை அளந்து ஊற்றும் எஞ்சினுக்கு அது ஒத்துவராது.

பெரும்பாலான பெட்ரோல் கார்களில் தெர்மோஸ்டாட் 82 முதல் 88 டிகிரிக்குள் திறக்கத் தொடங்கும். அதுவரை தண்ணீரை எஞ்சினுக்குள்ளேயே சுற்றவிட்டுச் சீக்கிரம் சூடேற்றும். அதைக் கழற்றிவிட்டால் நெடுஞ்சாலையில் எஞ்சின் சரியான சூட்டுக்கே வராது. எஞ்சின் இன்னும் குளிராக இருக்கிறது என்று நினைத்து கம்ப்யூட்டர் அதிகப் பெட்ரோலைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். மைலேஜ் குறையும், ஆயிலில் பெட்ரோலும் ஈரமும் கலந்து சகதி சேரும், சிலிண்டர் தேயும். இதைவிட மோசம், சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட்டே பைபாஸ் வழியையும் மூட வேண்டும். அது இல்லாவிட்டால் தண்ணீரின் ஒரு பகுதி ரேடியேட்டர் பக்கமே போகாமல் எஞ்சினைச் சுற்றிச் சுற்றி வரும், மலையேற்றத்தில் சூடு முன்பைவிடக் கூடும்.

புதியது வாங்க அதிகம் ஆகாது. சந்தேகம் இருந்தால் பழையதை ஒரு பாத்திரத் தண்ணீரில் போட்டு அடுப்பில் வைத்துப் பாருங்கள். கொதி வருவதற்கு முன்பே நன்றாகத் திறந்துவிட வேண்டும். திறக்காவிட்டால் மாற்றுங்கள். வழியில் அகப்பட்டுக்கொண்டு, வீடு வந்து சேர வேறு வழியில்லாமல் கழற்றியிருந்தால் அது நியாயம்தான். அடுத்த வாரமே புதியதைப் போட்டுவிட வேண்டும்.

குழாய்த் தண்ணீரா, கூலன்ட்டா

கூலன்ட் பனி ஊருக்குத்தான் என்று இன்னும் பலர் நினைக்கிறார்கள். தண்ணீருக்காகப் பேசினால் ஒரு நியாயம் உண்டு: சூட்டைச் சுமக்கும் திறனில் வெறும் தண்ணீர், சரிபாதி கலந்த கூலன்ட்டைவிட மேல். எத்திலீன் கிளைகால் கூடக் கூட அந்தத் திறன் குறையும். அதனால்தான் கலக்காத கூலன்ட்டை அப்படியே ஊற்றுவது தவறு. வண்டி இன்னும் சூடாகும்.

ஆனால் நம் ஊரில் கேள்வி வெறும் தண்ணீரைப் பற்றியது இல்லை. போர்வெல் தண்ணீரைப் பற்றியது. பாத்ரூம் வாளியில் வெள்ளையாகப் படியும் அதே உப்பு எஞ்சினின் மிகச் சூடான இடத்தில், எக்ஸாஸ்ட் வால்வைச் சுற்றியுள்ள சந்துகளில் படிகிறது. படிவம் சூட்டைக் கடத்தாது. மீட்டரில் 90 காட்டும்போதே ஹெட்டின் உட்பகுதி அதைவிட வெகுவாகக் கொதித்துக்கொண்டிருக்கும். இரும்பு துருப்பிடிக்கும், அலுமினியம் அரிக்கும், அந்தத் தூள் பம்பின் சீலை அறுக்கும். கூலன்ட்டில் இருக்கும் அரிப்புத் தடுப்பு மருந்துதான் நமக்கு முக்கியம். உறையாமல் இருப்பது நமக்கு வேண்டாத உபரி. சரிபாதிக் கலவை திறந்த பாத்திரத்திலேயே 106 டிகிரி அளவில்தான் கொதிக்கும் என்பது மலையேற்றத்துக்குக் கூடுதல் பலம்.

ஆக, கூலன்ட்தான். எது? கலந்தே வரும் பிரீமிக்ஸ் வாங்குவது எனக்குப் பிடித்த வழி, தண்ணீரின் தரம் பற்றிய கவலையே இல்லை. சிறிய காருக்கு நாலைந்து லிட்டர் போதும். அடர்கூலன்ட் வாங்கினால் பேட்டரிக் கடையில் விற்கும் டிஸ்டில்ட் வாட்டரையே கலக்குங்கள். கேன் தண்ணீரும் ஏசியிலிருந்து வடியும் தண்ணீரும் அதற்கு ஈடு இல்லை. நிறத்தைப் பார்த்து வாங்க வேண்டாம். பச்சை, சிவப்பு, நீலம் எல்லாம் கம்பெனி போடும் சாயம்தான். வண்டிக் கையேட்டில் எந்த வகை எழுதியிருக்கிறதோ அதையே வாங்குங்கள். பழைய வகைகளுக்கு இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும்; ஆர்கானிக் ஆசிட் வகைகள் ஐந்து வருஷம் தாங்கும். இரண்டையும் கலந்தால் ஆயுள் குறையும், சில சேர்க்கைகள் கூழாகித் திரளும். வழியில் எதுவும் கிடைக்காமல் குழாய்த் தண்ணீர் ஊற்றியிருந்தால் தவறில்லை, வீடு வந்ததும் முழுக்க வடித்துக் கழுவிப் புதிதாக நிரப்புங்கள்.

நிரப்பும்போது உள்ளே காற்று தங்கிவிட்டால் புதுக் கூலன்ட்டோடும் வண்டி கொதிக்கும். ஹீட்டரைத் திறந்து வைத்து, வண்டியின் மூக்கு மேட்டில் இருக்கும்படி நிறுத்தி, ஃபேன் இரண்டு தடவை ஓடி நிற்கும்வரை எஞ்சினை ஓடவிட்டு மட்டம் பார்க்க வேண்டும். அவசரப்படும் பட்டறையில் விட்டுப்போவது இந்த வேலைதான். வடித்த பழையதைத் தெருவில் ஊற்றாதீர்கள். அது இனிக்கும், நாய்கள் நக்கும், நக்கினால் சிறுநீரகம் செயலிழந்து செத்துப்போகும். குழந்தைகளுக்கும் அதே ஆபத்து.

ரேடியேட்டர்: அடைப்பதா, ஒட்டுவதா, மாற்றுவதா

முதலில் கழுவிப் பாருங்கள். ஏசி கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே பூச்சியும் புழுதியும் திரண்டு காற்றை மறிப்பதுண்டு. ஃபேன் பக்கமிருந்து முன்பக்கமாக, மெதுவான தண்ணீர் போதும். வாட்டர் வாஷ் துப்பாக்கியைக் கிட்டே பிடித்தால் இதழ்கள் மடங்கிவிடும்.

கசிவு இருந்தால் சிலர் ஸ்டாப் லீக் ஊற்றச் சொல்வார்கள். பழைய லாரி ஓட்டுநர்கள் மஞ்சள் தூள் போடுவார்கள், அது வேலையும் செய்தது; அந்தக் கால ரேடியேட்டர்களில் குழாய்கள் அகலமாக இருந்தன. இன்றைய அலுமினிய ரேடியேட்டரின் குழாய்க்குள் இடைவெளி ஓரிரண்டு மில்லிமீட்டர்தான். ஓட்டையை அடைக்கும் பொருள் குழாயையும் ஹீட்டரையும் சேர்த்து அடைக்கும். காட்டுப் பாதையில் சிக்கியவருக்கு மட்டுமே அது.

ஒட்டுவது ரேடியேட்டர் எதனால் ஆனது என்பதைப் பொறுத்தது. செம்பும் பித்தளையுமான பழைய வகையைப் பட்டறையில் பற்ற வைக்கலாம், டாங்கைக் கழற்றிக் கம்பி விட்டுக் குத்தி எடுக்கலாம், நடுவில் இருக்கும் குழாய்த் தொகுதியான கோரை மட்டும் மாற்றலாம்; பல வருஷம் உழைக்கும். இப்போதைய கார்களில் அலுமினியக் கோரின் விளிம்பை மடக்கிப் பிளாஸ்டிக் டாங்கைக் கவ்வ வைத்திருக்கிறார்கள். அந்தப் பிளாஸ்டிக் சூட்டில் மொறுமொறுவென்று ஆகித்தான் வெடிக்கிறது. மேலே எம்-சீல் பூசினால் ஒரு பயணம் தாங்கலாம். பக்கத்திலேயே அடுத்த விரிசல் விடும். எட்டு வருஷம் ஓடிய பிளாஸ்டிக் டாங்கு வெடித்தால் மாற்றிவிடுங்கள். கம்பெனிப் பாகம், நல்ல பெயருள்ள வெளிப்பாகம் இரண்டில் எதுவும் சரி. வெளிப்பாகத்தைப் பழையதின் பக்கத்தில் வைத்துக் கோரின் தடிமன் குறையவில்லையா என்று மட்டும் பாருங்கள். புதுப்பேட்டையில் கிடைக்கும் பழைய ரேடியேட்டர் வேண்டாம். கதவையும் கண்ணாடியையும் அங்கே வாங்கலாம், வெளியிலிருந்து பார்த்து உள்ளே எவ்வளவு உப்பு படிந்திருக்கிறது என்று சொல்ல முடியாத பாகத்தை எப்படி வாங்குவது?

ஹெட் வரை போயிருந்தால்

ஆயில் கேஜைப் பிடுங்கிப் பாருங்கள். ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் இருந்தாலோ, சூடான பிறகும் சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்காவிட்டாலோ, குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பிய ஓரிரு நிமிடத்தில் மேல் ஹோஸ் கல்லாக இறுகினாலோ, ஹெட்டுக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவே அடைத்து நிற்கும் தகடான ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். உறுதிசெய்ய ஒரு ரசாயனச் சோதனை உண்டு: ரேடியேட்டர் வாயில் வைக்கும் நீலத் திரவம், எரிந்த வாயு பட்டால் மஞ்சளாகும். பிரிப்பதற்கு முன் இதைக் கேளுங்கள்.

இங்கே மூன்று வழிகள். கேஸ்கட்டை மட்டும் மாற்றுவது மலிவு. வளைந்த ஹெட்டுக்கு அடியில் புதுக் கேஸ்கட்டும் நிற்காது, சில மாதத்தில் கூலியை மறுபடி கொடுக்க நேரும். இரண்டாவது, லேத்தில் ஹெட்டை ஃபேசிங் செய்து, அதாவது அடிப்பரப்பைச் சீவிச் சமனாக்கி, விரிசல் இருக்கிறதா என்று பிரஷர் டெஸ்ட் பார்த்து, புது போல்ட்டுகளோடு மாட்டுவது. பல எஞ்சின்களில் ஹெட் போல்ட்டை ஒரு தடவைதான் இறுக்க முடியும். இறுகும்போது அது நீண்டுவிடும்படி செய்யப்பட்டது. மூன்றாவது, ஹெட்டையோ எஞ்சினையோ மாற்றுவது.

நான் இரண்டாவதைத்தான் சொல்வேன், லேத்காரர் இரண்டு விஷயங்களுக்குச் சரி என்றால். சீவி எடுத்த பிறகும் ஹெட்டின் உயரம் கம்பெனி சொன்ன குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போகக் கூடாது. மேலே, வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்ட்டைப் படுக்க வைத்தால் கையாலேயே சுற்ற வேண்டும். அடிப்பரப்பு வளைந்தபோது மேலேயும் வளைந்திருக்கும், அடியை மட்டும் சமன்செய்தால் கேம் பிடித்துக்கொள்ளும். இரண்டில் ஒன்று தவறினாலும் அந்த ஹெட்டில் மேற்கொண்டு பணம் போடாதீர்கள்.

கம்ப்ரஷனும் போய், பிஸ்டன் உரசியிருக்கிறது என்றால் கணக்கு மாறுகிறது. வேலைக்கான முழு மதிப்பீட்டையும், இதே வருஷத்து ஓடும் காரின் சந்தை விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். மதிப்பீடு அதில் பாதியைத் தாண்டினால், நிலைமையை ஒளிக்காமல் சொல்லி, இருக்கிறபடியே விற்றுவிடுவது நல்லது. தாண்டவில்லை என்றால் செய்யுங்கள். அதே பில்லில் புது தெர்மோஸ்டாட், மூடி, ஹோஸ்கள், வாட்டர் பம்ப், கூலன்ட் எல்லாவற்றையும் சேர்த்துவிடுங்கள். ஹெட்டைக் கழற்றியிருக்கும்போது இவற்றுக்குத் தனிக் கூலி அதிகம் வராது. வண்டியை எடுத்த முதல் இரண்டு வாரம் தினமும் காலையில், எஞ்சினைக் கிளப்பும் முன், ரிசர்வ் பாட்டிலின் மட்டத்தைப் பார்த்து மார்க்கரில் கோடு போட்டு வையுங்கள். உள்ளே மிச்சம் இருந்த காற்று வெளியேறும்போது முதல் சில நாள் கொஞ்சம் இறங்கும். அதற்குப் பிறகும் கோடு இறங்கிக்கொண்டே போனால், மலைப்பக்கம் போகாமல் பட்டறைக்குத் திரும்புங்கள்.